கீழே கடை, மேலே நாலு மாடி: தெருவுக்குப் பிடிக்கிற கட்டடம் வீட்டுக்காரரை ஏன் கடிக்கிறது?

அசோக்பில்லர் | ஜூன் 3, இரவு 9.50

சென்னையில் மயிலாப்பூர் மாட வீதி, பாண்டி பஜார், அண்ணாநகர் இரண்டாவது அவென்யூ, எங்கே ஆள் நடமாட்டம் இருக்கோ அங்கே கட்டடம் ஒரே ஜாடைதான். தரையில் மருந்துக் கடை, டிபன் சென்டர், ஜெராக்ஸ். மேலே மூணு நாலு மாடி வீடு. அந்தத் தெருவில் நடக்க எல்லாருக்கும் பிடிக்கும். வீடு பார்க்கப் போனால் மட்டும் முதல் கேள்வி, "கீழே கடை இல்லையே?"

நடுத்தர அளவுக்கு அப்படி என்ன ஈர்ப்பு, எங்கே சொதப்புகிறது? 40 அடி முகப்பு, 120 அடி ஆழம், 40 அடி சாலை, அதாவது இரண்டு கிரவுண்டு என்று வைத்துப் பேசுங்கள். தத்துவம் வேண்டாம், அளவு வேண்டும்.

தூக்குகுண்டு | ஜூன் 3, இரவு 11.20

அளவிலேயே ஆரம்பிக்கிறேன். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டர்தான் கோடு. அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம், சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விடவேண்டும். உங்கள் மனையின் அகலமே 12.2 மீட்டர். இரண்டு பக்கமும் ஏழேழு விட்டால் 14. கட்டடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் மனையில்தான் நிறுத்தவேண்டும். ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டாக வெட்டிய பழைய லேஅவுட்டுகளில் இந்த அளவுக் கட்டடம் ரசனையால் வந்ததில்லை, மனையின் அகலத்தால் வந்தது.

உயரம்: கடைக்கு 4.2 மீட்டர், மேலே மாடிக்கு 3.1 வீதம் நாலு மாடி 12.4. தரையை 0.45 உயர்த்தினாலும் மொத்தம் 17.05. மிச்சம் ஒன்றேகால் மீட்டர் கையில் இருக்கு.

பரப்பு: எஃப்எஸ்ஐ என்பது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. 4800 சதுர அடிக்கு அது 2 என்றால் 9600. கடைக்கு 1000, மாடிக்கு 2150 வீதம் நாலு மாடிக்கு 8600. கச்சிதம். மாடிக்கு இரண்டு, மொத்தம் எட்டு வீடு. கடைக்குப் பின்னால் ஸ்டில்ட், அதாவது சுவர் இல்லாமல் தூண் மட்டும் உள்ள தரைத்தளம், அதில் வண்டிகள்.

முகப்பு: 40 அடியில் கார் போக ஒரு பக்கம் பதினொன்றரை அடி. மறுபக்கம் 5 அடி விடுவதாக வைத்துக்கொள்வோம், இது உயரத்துக்கு ஏற்ப மாறும். மிச்சம் 23.5. வீட்டுக்காரர்கள் உள்ளே போகும் வழிக்கு 5 அடி. மீதியில் 9 அடிக்கு இரண்டு ஷட்டர். மூன்றாவது ஷட்டர் ஆசை வேண்டாம். ஆறடிக் கடை என்பது கூண்டு.

மாடவீதி | ஜூன் 4, காலை 6.35

கணக்கு அழகு, ஐயா. ஆனால் 1000 சதுர அடியை 9 அடி அகலமுள்ள இரண்டு கடைக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 55 அடி ஆழம். கடையா, ரயில் பெட்டியா?

தூக்குகுண்டு | ஜூன் 4, காலை 7.10

ஒத்துக்கொள்கிறேன். கூட்டல் சரி, கடை தப்பு. சின்னக் கடையில் வாடகை கொடுப்பது முன்னால் உள்ள 20, 25 அடிதான். அதற்குப் பின்னால் வெளிச்சம் வராது, காற்று வராது, அட்டைப்பெட்டி அடுக்கும் இடமாகிவிடும். 33 அடி ஆழம் போதும். இரண்டு கடைக்கும் சேர்த்து 600 சதுர அடி. மிச்சம் 400 எஃப்எஸ்ஐயை மாடியில் போட்டுக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம். தரையில் கிடைத்த 20 அடி ஆழம் வண்டிக்குப் போகட்டும்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. கார் நிறுத்தும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். 9 அடிக் கடையின் அகலம் 2.74 மீட்டர். முன்னால் கடைக்குப் போட்ட தூண் வரிசையையே பின்னால் நீட்டினால் இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு கார் உட்காரும். தூணை நீள்சதுரமாக எடுத்து, நீளப்பக்கம் கடைச் சுவரோடு ஓடும்படி வையுங்கள். சதுரத் தூண் போட்டால் கடைக்குள்ளும் துருத்தும், கார்க் கதவும் திறக்காது.

மாடவீதி | ஜூன் 4, மதியம் 1.15

சாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்திரத்தில் 40 அடி என்று இருப்பது வேறு, டேப் பிடித்தால் வருவது வேறு. பிரீமியம் எஃப்எஸ்ஐ, அதாவது காசு கட்டி வாங்கும் கூடுதல் பரப்பு, சாலை அகலம் 9 முதல் 12 மீட்டர் வரை 30 சதவீதம், 12 முதல் 18 வரை 40, அதற்கு மேல் 50. 40 அடி என்றால் 12.19 மீட்டர், தப்பித்தோம். எதிர்வீட்டுச் சுவர் ஒரு அடி முன்னால் வந்து 39 அடிதான் இருக்கிறது என்றால் 11.89. ஒரே அடியில் பத்து சதவீதம் போச்சு. உங்கள் மனைக்கு அது 960 சதுர அடி, ஒரு வீடு.

அதற்கும் முன்னால் மண்டலம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008இல் வந்தது. அதில் உங்கள் சர்வே எண் ஆதாரக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா என்று பாருங்கள். ஆதாரக் குடியிருப்பில் தெருவுக்கு வேண்டிய சின்னக் கடைகளுக்குத்தான் இடம். கலப்பில் கை கொஞ்சம் தாராளம். பக்கத்து மனையில் கடை ஓடுகிறது என்பது ஆதாரம் ஆகாது. அவர் எந்த அனுமதியில் கட்டினாரோ.

அசோக்பில்லர் | ஜூன் 4, இரவு 8.05

அளவு புரிந்தது. கடிப்பது எங்கே என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

குழாயடி | ஜூன் 4, இரவு 10.40

கடிப்பது கழிவுநீர்க் குழாயில், சார்.

மாடியில் இருக்கும் பாத்ரூம் கடைக்கு நேர் மேலே வந்தால், முதல் மாடித் தளத்துக்கு அடியில் 110 மி.மீ. குழாய் கடைக்குள் தொங்கும். அறுபதுக்கு ஒன்று சரிவு வேண்டும், 6 மீட்டர் ஓடினால் 10 செ.மீ. இறங்கும். கடைக்காரர் அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங் அடிப்பார். அப்புறம் ஒரு ஜாயின்ட் கசிந்தால் எந்த இடம் என்று கண்டுபிடிக்கவே அரை சீலிங்கை உடைக்கணும். கீழே ஜவுளியோ மருந்தோ இருந்தால் நஷ்டக் கணக்கு மாடிக்காரர் தலையில். அதனால் பாத்ரூம், சமையலறை எல்லாம் பின்பக்கம், ஸ்டில்ட்டுக்கு மேலே தள்ளுங்க. முன்பக்கம், கடைக்கு மேலே, ஹாலும் பெட்ரூமும். பிளானில் பென்சிலால் செய்கிற வேலை, காசே கிடையாது.

இரண்டாவது, டிபன் சென்டர். எண்ணெய்த் தண்ணியை வீட்டு லைனில் சேர்க்கவே கூடாது. பாத்திரம் கழுவுகிற சுடுதண்ணியில் எண்ணெய் கரைந்த மாதிரி போகும். மெஷின் ஹோலுக்கு, அதான் சாக்கடைக் குழிக்கு, போய் ஆறினதும் சோப்புக் கட்டி மாதிரி உறையும். மூணு மாசத்தில் 6 அங்குலக் குழாய் 2 அங்குலம் ஆகிடும். அப்புறம் தரைமட்டத்தில் இருக்கிற வாட்ச்மேன் டாய்லெட்டில்தான் முதலில் பொங்கும்.

கிரீஸ் டிராப், அதான் எண்ணெயைத் தடுத்து நிறுத்துற தொட்டி, கட்டணும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் தண்ணி வருதுன்னா அரைமணி நேரம் தேங்குகிற அளவு, 600 லிட்டர். உள்ளளவு 3 அடிக்கு இரண்டரை அடிக்கு 3 அடி எடுத்தால் சரியா வரும். மூணு அறை. உள்ளே வர்ற குழாயும் வெளியே போற குழாயும் டி போட்டு தண்ணிக்கு அடியில் முங்கி இருக்கணும். நேராத் திறந்து விட்டால் மேலே மிதக்கிற எண்ணெய் அப்படியே போயிடும், டிராப் இருந்தும் இல்லாத கதை. வாரம் ஒருமுறை மேலே அள்ளணும். மூடி பக்கவாட்டுப் பாதையில் வரட்டும். சமையலறைக்கு உள்ளே வைத்தால் யாரும் திறக்க மாட்டாங்க.

தூக்குகுண்டு | ஜூன் 5, காலை 6.50

குழாயடி சொன்னதோடு புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிபன் சென்டர் வரும் என்று தெரியாவிட்டாலும் ஒன்றரைக்கு ஒன்றரை அடி ஷாஃப்ட் ஒன்று கடையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் காலியாக விடுங்கள். பாத்ரூம் டக்ட்டோடு கலக்கக் கூடாது. விசிறி மோட்டார் மொட்டை மாடியில், ரப்பர் மேல். ஒவ்வொரு மாடியிலும் கை நுழையும் கதவு ஒன்று, பிசுக்கைச் சுரண்ட. இதைச் செய்யாதவர்கள் பிறகு ஷட்டருக்கு மேலே ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் மாட்டுவார்கள். வெங்காய வாசனை நேராக முதல் மாடிப் படுக்கையறைக்கு. "கீழே கடை வேண்டாம்" என்பவரிடம் கேட்டால் பாதிப் பேர் சொல்வது இந்த ஓட்டையைத்தான்.

மீதிப் பாதி, சத்தம். கை ஷட்டரைக் காலை ஐந்தரை மணிக்குத் தூக்கும்போது எட்டு வீட்டுக்கும் அலாரம். ஷட்டரின் பக்கச் சேனலில் நைலான் பட்டை, மாதம் ஒருமுறை கிரீஸ். 4.2 மீட்டர் உயரம் கொடுத்ததே இதற்கும்தான்: ஷட்டர் சுருளும் பெட்டிக்கு ஒன்றேகால் அடி, அதற்கு மேல் போர்டு, எல்லாம் முதல் மாடி ஜன்னலைத் தொடாமல் அடங்கும்.

மாடவீதி | ஜூன் 5, காலை 9.20

மீட்டர். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே சர்வீஸில் கம்பி இழுத்தால் முழுவதும் வணிகக் கட்டணத்தில் விழும் ஆபத்து. கடை ஒவ்வொன்றுக்கும் தனி சர்வீஸ். படி விளக்கு, மோட்டார், லிப்ட் ஆகியவை பொதுப் பயன்பாட்டுக் கட்டணம். 2023இல் சின்ன அடுக்ககங்களுக்கு அதில் சலுகை வந்தது. பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாமல் இருந்தால்தான். நாலு மாடியும் லிப்டும் உள்ள உங்கள் கட்டடத்துக்குக் கிடையாது.

கடைக்காரர் பொதுத் தண்ணீர்த் தொட்டியில் குழாய் போட்டால் மோட்டார் செலவை எப்படிப் பிரிப்பது என்று வருடக்கணக்கில் சண்டை. கடைக்கு 500 லிட்டர் தனித் தொட்டி, தனி சப் மீட்டர். சண்டை அன்றைக்கே தீர்ந்தது.

தூக்குகுண்டு | ஜூன் 5, இரவு 10.05

யாரும் தொடாத விஷயம் ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். மேலே ஒவ்வொரு மாடியிலும் செங்கல் சுவர் நிறைய. தரையில் முன்னால் ஷட்டர், பின்னால் ஸ்டில்ட், சுவரே கிடையாது. மேலே பெட்டி, கீழே குச்சி. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாதில் விழுந்த அடுக்ககங்களில் பல இந்த ஜாதிதான். சென்னை அடுத்த வருடமே, 2002இல், நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறிவிட்டது. "இங்கே எங்கே நிலநடுக்கம்" என்பவர்கள் அதைப் படிக்கவில்லை.

மருந்து லிப்டிலும் படியிலும் இருக்கு. இரண்டையும் சுற்றி 8 அங்குலக் கான்கிரீட் சுவர், அஸ்திவாரத்திலிருந்து மொட்டை மாடி வரை, இரண்டு திசையிலும். தரைத் தூண்களில் அடியிலும் தலையிலும், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ரிங்கின் கொக்கி 135 டிகிரி மடங்கி உள்ளே போகவேண்டும். கம்பி வேலைக்காரர் 90 டிகிரியில் மடித்து நிறுத்துவார், ஏனென்றால் அது சீக்கிரம். கான்கிரீட் போடுமுன் இதை மட்டும் ஒரு நடை நேரில் பாருங்கள். போட்ட பிறகு கடவுளுக்கும் தெரியாது.

அப்புறம் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி: இரண்டு கடைக்கும் நடுவில் உள்ள சுவரை உடைத்து ஒன்றாக்கக் கூடாது.

குழாயடி | ஜூன் 6, காலை 7.30

நேற்று மாடவீதி சார் சொன்ன தனித் தொட்டி சரிதான், ஆனா சம்ப்பை, அதான் தரைக்கு அடியில் இருக்கிற தண்ணித் தொட்டியை, விட்டுட்டார். மூடி தரையிலிருந்து ஒரு அடியாவது தூக்கி இருக்கணும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரையோடு தரையா மூடி வைத்த சம்ப் எல்லாத்திலேயும் சாக்கடைத் தண்ணிதான்.

தூக்குகுண்டு | ஜூன் 6, காலை 8.15

வெள்ளம் என்றதும் ஞாபகம், முதல் நாள் போகிறபோக்கில் "தரையை 0.45 உயர்த்தி" என்று எழுதிவிட்டேன். அங்கேதான் வீடும் கடையும் நேருக்கு நேர் மோதுகிறது. வீட்டுக்காரருக்கு மூன்றடி உயரம் வேண்டும். கடைக்காரருக்குச் சாலையோடு சமமாக வேண்டும், ஒரு படி ஏறினாலே வாடிக்கையாளர் குறைவார் என்பார். சாலையோ பழைய தாரைச் சுரண்டாமல் மேல்மேல் போட்டு வளர்கிறது.

45 செ.மீ. நடுவழி. 15 செ.மீ. வீதம் மூன்று படி, மனைக்குள்ளேயே. நடைபாதையில் இறக்கினால் மழைநீர் வடிகால் மூடி மேல் உட்காரும், தூர் வாரும்போது இடிப்பார்கள். சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று சாய்தளம் என்றால் 5.4 மீட்டர் நீளம். நேராகப் போட இடம் இல்லை, முகப்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். கடையில் பிளக் பாயின்ட் 4 அடிக்குக் கீழே வேண்டாம், மீட்டர் பெட்டி அதற்கும் மேலே.

அசோக்பில்லர் | ஜூன் 6, மாலை 5.40

ஈர்ப்பைப் பற்றிக் கேட்டேன், எல்லாரும் பயத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்!

மாடவீதி | ஜூன் 6, இரவு 9.00

ஈர்ப்பு இந்தப் பயங்களைச் சரிக்கட்டிய பிறகு மிஞ்சுவது. இரவு பத்தரைக்கு மருந்துக் கடை விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வருகிறவர் பயமில்லாமல் வருகிறார். வீட்டுச் சுவர் மட்டுமே உள்ள தெருவில் எட்டு மணிக்கே இருட்டு. கொத்தமல்லிக்கு வண்டி எடுக்கவேண்டாம். கடைக்காரர் கண்ணில் படாமல் கேட்டுக்குள் யாரும் நுழைய முடியாது. வாட்ச்மேன் சம்பளத்தில் பாதி மிச்சம்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் இதே குடும்பம்தான். மேலே ஒற்றைக் கட்டில் அறைகள், கீழே மெஸ், டீக்கடை, லாண்டரி. மேலே இருப்பவர்களிடம் அடுப்பு இல்லை, அதனால் கீழே மெஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வியாபாரம். மேலே உள்ளவரின் தேவையும் கீழே உள்ளவரின் பிழைப்பும் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியது வேறெங்கும் இல்லை. இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கீழே மெஸ் அந்த அளவுக்குப் பொருந்தாது. மருந்து, மளிகை, பல் டாக்டர், டியூஷன் பொருந்தும்.

தூக்குகுண்டு | ஜூன் 7, காலை 7.00

அழகாகச் சொன்னீர்கள். ஆனாலும் தீயைச் சொல்லாமல் விட மனமில்லை. 2017 மே 31 அன்று தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக் கட்டடம் எரிந்தது. ஒரு நாளுக்கு மேல் தீ நின்றது, கட்டடத்தையே இடித்தார்கள். அது பெரிய கடை, நம் கணக்கில் வராது. ஆனாலும் புகை மேலேதான் ஏறும் என்ற பாடம் சின்னக் கட்டடத்துக்கும் பொருந்தும்.

வீட்டுப் படி கடைக்குள் திறக்கவே கூடாது. கடைக்கும் படிக்கும் நடுவில் 9 அங்குலச் செங்கல் சுவர், அதில் ஜன்னல், வென்டிலேட்டர், ஏசி குழாய் ஓட்டை எதுவும் கூடாது. அந்த 5 அடி நுழைவழியில் கடைக்காரரின் அட்டைப்பெட்டியோ வீட்டுக்காரரின் ஸ்கூட்டரோ நிற்கக் கூடாது. சொல்ல எளிது, எட்டு வீட்டிலும் ஒருவராவது நிறுத்துவார். டிபன் சென்டர் சிலிண்டர் வெளியே, காற்றோட்டத்தில், குழாய் வழியே உள்ளே. லைசென்ஸ் இல்லாமல் 100 கிலோ வரைதான் வைக்கலாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95. ஆறாவது வந்தால் கணக்கு மாறும்.

மாடவீதி | ஜூன் 7, மதியம் 12.30

கடையை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் 30 வருடம் கழித்துக் கடிக்கும். கடைக்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு எழுதி விற்றால், இடித்துக் கட்டும் நாளில் அவரும் ஒரு உரிமையாளர். 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஆனால் வீட்டுக்காரர் இரண்டு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிடுவார். கடைக்காரர் இரண்டு வருடம் மூடினால் வாடிக்கை போயே போச்சு, அதனால் கடைசிவரை எதிர்ப்பார். எட்டு வீட்டுக்காரரும் கடையைப் பொதுச் சொத்தாக வைத்து, வாடகையில் லிப்டையும் பெயின்டையும் பார்த்துக்கொள்வது உத்தமம். சங்கம் வாடகை வாங்கினால் வரிக் கணக்கு தனியாக எழுதவேண்டும். கடை வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. நீங்கள் பதிவு செய்யாதவராக இருந்து கடைக்காரர் பதிவு செய்தவராக இருந்தால் 2024 அக்டோபர் 10 முதல் அவரே கட்டவேண்டும்.

அசோக்பில்லர் | ஜூன் 7, இரவு 8.45

கடைசிக் கேள்வி. ஒரு கடைக்கு மருந்துக் கடை சரி. இன்னொன்றுக்கு மாவு மில் கேட்கிறார்கள், வாடகை நல்லா தருகிறார்கள். விடலாமா?

குழாயடி | ஜூன் 7, இரவு 9.10

அரைத்த மாவு விற்கிற கடைன்னா விடுங்க. அரைக்கிற கடைன்னா யோசிங்க.

தூக்குகுண்டு | ஜூன் 7, இரவு 10.30

விட்டே ஆகவேண்டும் என்றால்: மெஷின் நிற்கும் இடத்தில் தரையை வெட்டி, கட்டடத் தரையோடு ஒட்டாத தனிக் கான்கிரீட் மேடை. சுற்றிலும் 2 அங்குல இடைவெளி, அதில் மணல், மேலே ரப்பர். தூணிலோ சுவரிலோ போல்ட் அடிக்கக் கூடாது. அதிர்வு காற்றில் வருவதைவிடக் கம்பியில் வேகமாக வரும், மூன்றாவது மாடிக் கட்டிலில் படுத்தால் கேட்கும்.

முன்பு ஷட்டருக்குக் கிரீஸ் என்று எழுதினேனே, மாவுக் கடை என்றால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். மாவுத் தூசி கிரீஸில் ஒட்டி ஒரு மாதத்தில் களிம்பாகிவிடும். மெழுகுவர்த்தியைச் சேனலில் தேய்த்தால் போதும்.